அத்தாவின் மீதி

ஈரக் கைலியோடு உள்ளறை வாசலில் வந்து நின்ற அக்மல், கையிலிருந்த பஞ்சை விரித்துக் காட்டினான். இறந்துபோன அத்தாவைக் குளிப்பாட்டும்போது தாடியிலிருந்து உதிர்ந்த நாலைந்து நரைமுடிகள்.

"கபன் துணிக்குள்ளயே வெச்சிரச் சொல்றாரும்மா பள்ளிவாசல் அசரத்து. ஒடம்புல இருந்து உதுந்தது எதுவும் வெளிய தங்கக் கூடாதாம்."

மதீனா பீவி தலையாட்டினாள். மகன் போனதும் பக்கத்திலிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆலியா, இடுப்புல ஊசியப் போட்டு அவுங்ககிட்ட எடுத்தியே, அது எங்க?"

"லேப்ல இருக்கும்மா."

"அஸ்தம்பட்டி தானே? வண்டில போனா கால் மணி நேரம். மத்தியானம் லுஹருக்குத்தான் எடுக்குறாங்க. போய்க் கொண்டாந்துரு கண்ணு. அவுங்களோடயே போகட்டும்."

கேட்டதில் தப்பே இல்லை. ஆலியா வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

ரத்தப் புற்றுநோயைப் பற்றி ஒன்பது வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள் அவள். அவள் எழுதிய கட்டுரையைப் பார்த்து எங்கோ ஒரு ஊரில் குழந்தைகளுக்கான மருந்தின் அளவைக் குறைத்தார்களாம். அது தெரிந்த அன்றே, லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அத்தா உசேன், ஒரு வரிகூடப் புரியாத அந்த இங்கிலீஷ் கட்டுரைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். பேரிங் வாங்க வரும் டிரைவர்கள் எல்லாம் முதலில் மகளின் பெருமையைக் கேட்டாக வேண்டும். போன வருடம் அந்த நோயே அவரைத் தேடி வந்தது. "ஒனக்கு ஒதவுமின்னா எடுத்துக்க சாமி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இடுப்பெலும்பில் ஊசி இறக்க அவராகவே குப்புறப் படுத்துக்கொண்டார்.

நோயாளிகளிடம் எடுக்கும் செல்கள் குடுவையில் மூன்று வாரம் தாங்கினாலே பெரிய விஷயம். எழுபத்திரண்டு பேருடையது அப்படித்தான் செத்துப்போனது. அத்தாவுடையது சாகவில்லை. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள் பதினோரு மாதமாகப் பெருகிக்கொண்டே இருந்தது. இனி எத்தனை மருந்தை வேண்டுமானாலும் அதில் சோதித்துப் பார்க்கலாம். அது நிலைத்துவிட்டது என்று உறுதியான அன்று ஆலியா லேபில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். அன்று ராத்திரிதான் அத்தாவுக்கு முதல்முதலாகச் சோறு இறங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

காலையில் பெட்டியைத் திறக்கும்போது தன்னை அறியாமல் ஸலாம் சொல்லிவிடுவாள். குடுவையை ஆட்டினால் உள்ளே கலங்கும். ஆட்டாமலே கலங்கிய நாட்களும் உண்டு என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன் அடித்தது. லேபில் கூட வேலை செய்யும் கிருத்திகா.

"மேடம், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. உங்கப்பாவோட குடுவைல செல்லுக்கு ஊத்துற சத்துநீர் மஞ்சளாயிருச்சு. விடிகாலைல இருந்து கண்டபடி வளந்திருக்கு, இப்பிடி ஒருநாளும் வளந்ததில்ல. சாப்பாடு மாத்தலைன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. மாத்தட்டுமா?"

சின்ன அறை. அம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

"யாருக்குடீ சாப்பாடு?"

அப்புறம் சொல்வதாகக் கிருத்திகாவிடம் சொல்லிவிட்டு ஆலியா போனை மடியில் இறக்கினாள். "அத்தாகிட்ட எடுத்தது இன்னும் உசுரோட இருக்கும்மா. வளந்துட்டே இருக்கு."

முற்றத்தில், அத்தாவைத் தூக்கிப் போகும் சந்தூக்கை இறக்கும் சத்தம் கேட்டது. மதீனா பீவி மகளின் மடியிலிருந்த போனைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கறத எப்பிடிப் பொதைக்கறது?"

"கொன்னுட்டுத்தான் கொண்டாரணும். ரெண்டு சொட்டு மருந்து விட்டாப் போதும்."

"ஒங்கையாலயா?"

ஆலியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடிகாலை சுபுஹு நேரத்தில் அத்தாவின் கண்களை மூடிவிட்டபோதுகூட வராத அழுகை.

அக்மல் மறுபடியும் எட்டிப் பார்த்தான். "எடுக்கலாமாம்மா? இன்னும் ஏதாச்சும் வெக்கணுமா?"

"ஒண்ணுமில்ல. நீங்க கெளம்புங்க."

கலிமா ஓதிக்கொண்டே தூக்கிப் போனார்கள். சத்தம் அம்மாபேட்டைத் தெருமுனை வரை கேட்டு, பிறகு அடங்கியது. மற்றப் பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். மதீனா பீவி அறைக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"இத்தாவ நா எப்ப இருந்து எண்ணட்டும்?"

புருஷன் மூச்சு நின்ற நேரத்திலிருந்து நாலு மாதம் பத்து நாள். அதுவரை அந்நிய ஆண் பார்வையில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இது ஆலியாவைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

"சுபுஹுல இருந்துதாம்மா. அத்தா மௌத்தாயிட்டாங்க. அது அத்தா இல்ல." சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அதில் நம்பிக்கையில்லை.

"எனக்குக் காட்டு."

ஆலியா கேட்டதும் கிருத்திகா குடுவையை மைக்ராஸ்கோப்பில் வைத்து வீடியோ காலில் வந்தாள். திரை முழுக்க உருண்டை உருண்டையாக, விளிம்பு மினுங்க, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒன்று இடுப்பு ஒடுங்கி நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டானது.

"பசியோட வெக்காதம்மா" என்றாள் மதீனா பீவி கிருத்திகாவிடம்.

"சரிங்கம்மா. இன்னும் ரெண்டு நிமிஷம் பாருங்க, அப்புறம் மாத்திடறேன்."

விடிகாலையிலிருந்து, கூடப்பிறந்த தம்பி வந்து காலடியில் உட்கார்ந்து அழுதபோதுகூட விலக்காத முக்காட்டை மதீனா பீவி தோளுக்கு இறக்கினாள். நரைத்த முடியை விரலால் கோதிக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்தாள்.