பதினைந்தாவது துளை

பதினான்காவது துளையிலிருந்து குழாயை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் சைலாவின் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. அம்மா.

“அப்பா உன்னை வரச் சொல்றார். அந்த எடத்தோட பிளானையும் எடுத்துட்டு வரணுமாம்.”

“பிளானா? எதுக்கும்மா?”

“எனக்கென்ன தெரியும். காலையிலேருந்து அதே பேச்சு. நர்ஸ் வந்து பாத்துட்டுப் போனா. இன்னிக்குத் தாண்டாது, சைலா.”

அம்மா இர்மாவின் குரலில் நடுக்கம் இல்லை. எட்டு வாரமாக இதற்குத் தயாராகிக்கொண்டிருந்த குரல்.

அது ஆற்றோரத்துப் பழைய தோல் பதனிடும் ஆலையின் நிலம். ஆலையை மூடி முப்பது வருடமாகிறது. புகைபோக்கி மட்டும் நிற்கிறது. நகராட்சி அங்கே வீடுகளும் ஒரு குழந்தைகள் காப்பகமும் கட்டப்போகிறது. அதற்கு முன் மண்ணுக்குள் என்ன கிடக்கிறதென்று பார்த்துச் சொல்வது சைலாவின் வேலை. பழைய வரைபடங்களை வைத்து அவளே குறித்த இடங்கள்தான் பதினான்கும். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சாம்பல். சுரண்டி எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

“மூட்டை கட்டிடலாமா?” என்றான் யார்மோ. துளைக்கருவியை ஓட்டுபவன்.

“கொஞ்சம் இரு. வந்துடறேன்.”

கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஆலையில் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டிய அப்பா வெய்க்கோவின் தோள்கள் ஒரு காலத்தில் வாசலை அடைக்கும். இப்போது தலையணையில் பாதிகூட நிரம்பவில்லை. சைலா வரைபடத்தைப் போர்வைமேல் விரித்தாள். அவர் விரல் காகிதத்தில் மெல்ல ஊர்ந்து, ஒன்றும் வரையப்படாத வெள்ளை இடத்தில் நின்றது.

“இங்க துளை போட்டியா?”

“அங்க ஒண்ணும் இல்லையேப்பா. காலி எடம். பிர்ச் மரம் நிக்குது.”

“மரம் பின்னாடி வந்துது. எழுபத்தி நாலுல நான்தான் குழி வெட்டினேன். குரோமியக் கழிவு, வீணாப்போன தோலு, எல்லாம் அதுலதான் கொட்டினாங்க. ஒரு காகிதத்துலயும் ஏத்தல.”

அடுக்களையில் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“ஐம்பது வருஷமா வாயத் திறக்கலையே நீங்க.”

“முதல்ல வேலை போயிடும்னு பயம். அப்புறம் ஆலை போச்சு. பயம் போகல.” மூச்சு வாங்கினார். “நீ சின்னப் பிள்ளையில அந்த ஆத்துலதானே நீந்துவே. நான் கரையில வந்து உக்காருவேன். ஞாபகமிருக்கா?”

இருந்தது. மற்ற அப்பாக்கள் படகுத்துறையில் பீர் குடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தண்ணீரிலிருந்து கண் எடுக்க மாட்டார். மூழ்கிவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். தோழிகள் கேலி செய்வார்கள்.

“தண்ணி நிறம் மாறுதான்னு பாப்பேன்,” என்றார் வெய்க்கோ. “வெட்டும்போது நாலு மீட்டர்ல நீலக் களிமண்ணு வந்துது. வாளிய நிறுத்திட்டேன். மேஸ்திரி இன்னும் ஆழமா போன்னான். மெஷின் எறங்காதுன்னு பொய் சொன்னேன். களிமண்ணு கழிவ கீழ விடாம தாங்கும்னு ஒரு நெனப்பு. தாங்குச்சான்னு இன்னி வரைக்கும் தெரியாது.” கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். “போய்ப் பாரு. புகைபோக்கிக் கதவுலேருந்து ஆத்தப் பாத்து நாப்பத்தோரு எட்டு. அறிக்கையில என் பேரப் போட்டு எழுது.”

அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது. படியிறங்கும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

யார்மோ காரின் நிழலில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவள் கதவிலிருந்து எட்டுவைத்து எண்ணிக்கொண்டே போய்ப் பிர்ச் மரங்களுக்கு நடுவே நின்றாள்.

“இங்க ஒண்ணு போடு.”

“பட்டியல்ல பதினாலுதானே. நகராட்சி ஆளு கத்துவான்.”

“கத்தட்டும்.”

“யார் சொன்னா இங்க இருக்குன்னு?”

“குழி வெட்டினவர்.”

யார்மோ ரொட்டியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

ஒரு மீட்டர் வரை செங்கல் தூள். அதற்குக் கீழே குழாயிலிருந்து வந்தது பச்சை. செடியிலோ பாசியிலோ காணாத பச்சை. நடுவில் மடிந்து கிடந்த தோல் துண்டு ஒன்றில் செம்பழுப்பு மயிர் அப்படியே படிந்திருந்தது, நேற்று மேய்ந்துவிட்டு வந்த பசுவினுடையதைப் போல. வாடை முகத்தில் அடித்ததும் யார்மோ இரண்டடி பின்வாங்கினான்.

“சனியனே,” என்றான் மெதுவாக.

கழிவு கீழே இறங்கிவிடாதபடி வெளிக்குழாய் ஒன்றைக் களிமண்ணில் பதித்துவிட்டு, அதற்குள் இன்னொன்றை விட்டார்கள். அடுத்து வந்த துண்டைச் சைலா தட்டில் படுக்கவைத்துக் கத்தியால் நீளவாக்கில் கீறினாள். வெண்ணெய் போல் பிளந்தது.

நீலச் சாம்பல் நிறம். உச்சியில் மட்டும் பச்சைக் கறை, மூன்று விரல் கனம். அங்கே ஏதோ கோடு கிழித்ததுபோல் நின்றிருந்தது. குரோமியத்தின் அளவைக் காட்டும் கைக்கருவியை விரல் விரலாக நகர்த்தி வைத்தாள். ஆயிரங்களில் இருந்த எண் நூறானது. அப்புறம் எந்தக் காட்டு மண்ணிலும் இருக்கிற எண். திரும்பவும் வைத்துப் பார்த்தாள். அதே எண்.

ஐம்பது வருடத்தில் மூன்று விரல். மேலே அத்தனை மழையும் பனியும் இறங்கியிருக்கிறது. இது அசையாமல் ஏந்திக்கொண்டு கிடந்திருக்கிறது. இன்னும் கீழே, களிமண்ணுக்குள், நகத்தளவு சிப்பி ஒன்று வாய்மூடி இருந்தது. இந்த ஊரே கடலடியில் கிடந்த காலத்தது. கோபம் எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார்மோ தலைக்கவசத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

“மத்த எடத்துலயும் நாலஞ்சு போட்டுப் பாக்கணும்,” என்றாள் கடைசியில்.

“போடலாம். நீ முதல்ல வீட்டுக்குப் போ.”

நடையில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது வெய்க்கோவின் கண்கள் மூடியிருந்தன. பேசு என்பதுபோல் இர்மா தலையசைத்தாள். சைலா குனிந்து காதருகே சொன்னாள்.

“கிடைச்சுது. நீங்க சொன்ன எடத்துலயே.”

நெடுநேரம் கழித்து, “அடியில?” என்றார்.

“களிமண்ணு. நான் பாத்த எடத்துல மூணு விரலுக்கு மேல எறங்கல.”

மூன்று விரலை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவர் கை அதை மூட முயன்றது.

“நல்ல மண்ணு,” என்றார் வெய்க்கோ.

அப்புறம் பேசவில்லை. மூன்றே காலுக்கு ஒரு மூச்சு வந்தது; அடுத்தது வரவில்லை. இர்மா எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள். நர்ஸுக்குச் சொன்னாள், பிறகு கீழ்வீட்டுத் தைஸ்தோவுக்கு. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

சைலா ஜன்னலருகே நின்றாள். முற்றத்தில் தைஸ்தோ வெள்ளைச் சட்டைக்கு மாறி வந்திருந்தார். கொடியை முதலில் கம்பத்தின் உச்சிவரை ஏற்றி, ஒரு நொடி நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்கிக் கயிற்றைக் கட்டினார். அந்த வீடுகளில் யார் இறந்தாலும் அதுதான் வழக்கம். சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டு, முற்றத்தைத் தாண்டும்வரை அதை உருட்டிக்கொண்டு போனாள்.