கணவரும் என்ற வரி

என் கடையில் செத்தவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. பாரிசின் லா சப்பலில் பத்தொன்பது வருடமாகக் கல்யாணக் கார்ட்டும் முப்பத்தோராம் நாள் நினைவு மலரும் அச்சடிக்கிறேன். இருக்கும்வரை ஊரை அழவைத்தவர்கூட என் கணினிக்குள் வந்தால் 'அன்பின் உறைவிடம்' ஆகிவிடுவார். வார்த்தைகள் எல்லாருக்கும் ஒன்றுதான், பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். அந்தப் பழக்கதோசம்தான் அன்று என்னை மாட்டிவிட்டது.

சனிக்கிழமை காலை ஷிரோமி வந்தாள். மன்னார்ப் பிள்ளை, ஐம்பது வயதிருக்கும். மாதா கோயில் பூசையில் கண்டிருக்கிறேன். தமையன் அன்ரன் குடும்பத்தோடு இருக்கிறாள், பக்கத்து ஸ்டாலின்கிராட் மெத்ரோவடியில், முசியே என்று அவர்கள் சொல்லும் யாரோ ஓர் ஐயா வீட்டில் வேலை என்பதற்குமேல் எனக்குத் தெரியாது. கையால் எழுதிய நாலு பக்கத்தையும் ஒரு படத்தையும் மேசையில் வைத்துவிட்டு, மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போனாள்.

படத்தில் ஒரு மெலிந்த ஜப்பான்காரர், கறுப்புக் கோட்டு, உயர்த்திய வலது கையில் சின்னக் கோல். பெயர் கென்சாகு ஹொனாமி. ஓர்கெஸ்ட்ரா நடத்துகிறவர். வடக்கு ஜப்பானில் ஒரு மீன்பிடித் துறையில் பிறந்து, இருபத்துநாலு வயதில் பாரிசுக்குப் படிக்க வந்தவர். பதினொரு வருடம் பெரிய ஆட்களுக்கு உதவியாளராக இருந்து, அவர்களுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும் மேடை ஏறியிருக்கிறார். நாற்பது வயதில் தெற்கே ஒரு நகரத்து ஓர்கெஸ்ட்ரா கைக்கு வந்தது. ஒன்பது வருடத்தில் இடது காது கேட்காமல் போக, பூங்கொத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு கடைசிவரை, தபால்காரரும் தாதிமாரும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சின்னக் குழுவைப் புறநகரில் நடத்தினார். இதெல்லாம் பத்திரிகையிலும் கிடைக்கும். கிடைக்காததையும் ஷிரோமி எழுதியிருந்தாள். மேடைக்கு முன் ஓர் அவித்த முட்டை மட்டும்தான். தெருவைக் கடக்கச் சிவப்பு விளக்கில் நின்றாலும் விரல் தாளம் போடும். கச்சேரிக்கு மறுநாள் வலது தோளைத் தூக்க முடியாது, நல்லெண்ணெய் சூடாக்கிப் பூச வேண்டும்.

நல்லெண்ணெய் பூசியவள் மனைவிதானே என்று என் விரல்கள் முடிவுகட்டிவிட்டன. முதல்நாள் அடித்த மலரில் 'யோகராணியின் அன்புக் கணவரும்' என்று இருந்ததில் யோகராணியை எடுத்து ஷிரோமியைப் போட்டுவிட்டேன்.

மத்தியானம் மாதிரித் தாளை நின்றபடியே வாசித்தாள். அந்த வரியில் விரல் நின்றது.

“பத்தியண்ணை, இதை நான் எழுதித் தரேல்லையே.”

“விட்டுப்போச்செண்டு நினைச்சன், பிள்ளை. எல்லா மலரிலையும் வாறதுதானே.”

கதிரையை இழுத்து இருந்தாள்.

“அவருக்கு ஜப்பானிலை மனிசி இருக்கிறா. கனகாலமாப் பிரிஞ்சுதான் இருந்தவை, ஆனா எழுத்திலை முடிக்கேல்லை. நான் வீடு துடைக்கப் போனனான். பிறகு... இருபத்தொரு வருசம், அண்ணை. வீட்டிலை இண்டைக்கும் நான் வேலைக்கு மட்டும்தான் போனனான் எண்டு நினைக்கினம்.” தாளை மடியில் வைத்துத் தடவினாள். “செத்தவீட்டண்டு எல்லாரும் கோட்டைக் கழட்டி என்னட்டைத் தந்தவை. வாசிக்கிற ஆக்கள், அந்த மனிசி, எல்லாரும். நானும் வாங்கி வைச்சிருந்தன். பெட்டி போகேக்கை ரெண்டு கையும் நிறையக் கோட்டு. சிலுவை போடக் கை இல்லை.”

நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஆயிரம் தடவை அடித்திருப்பேன், ஒருநாளும் அழுததில்லை.

“எத்தினை பிரதி அடிக்கிறது?”

“ஒண்டு. எனக்கு மட்டும்.”

“இந்த வரி இருக்கட்டோ, எடுக்கட்டோ?”

அவள் வாய் திறக்கவும் அன்ரன் மரக்கறிப் பையோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. நான் சட்டென்று கல்யாணக் கார்ட் மாதிரிப் புத்தகத்தை எடுத்துப் படத்தின்மேல் வைத்தேன்.

“இஞ்சையோ நிக்கிறாய், எங்கையெல்லாம் தேடுறது,” என்றவன் என் பக்கம் திரும்பினான். “பத்தியண்ணை, இவளின்ரை முசியே செத்துப் போயிட்டார். பாவம், நல்ல மனிசன், நத்தார் பண்டிகைக்கு எங்கடை பிள்ளையளுக்கும் சொக்கிலேற் குடுத்துவிடுறவர். இவளுக்கு வேலைக்கு வேறை வீடு ஒண்டு பாக்கோணும். உங்களுக்குக் கனபேரைத் தெரியுமெல்லோ?”

“பாப்பம்,” என்றேன்.

“கையிலை என்னடி?”

“செத்தவீட்டு நோட்டீஸ்.”

“ஆர் செத்தது?”

“உங்களுக்குத் தெரியாத ஆள், அண்ணை.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். “அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கோ.”

அந்த வரியோடிருந்த மாதிரித் தாளை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தாள். கழுத்துவரை பொத்தான் பூட்டினாள். அன்ரன் ஏதோ சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிட, இருவரும் போனார்கள்.

வரியை அழித்தேன். கீழே இருந்த வார்த்தைகள் மேலே ஏறி அந்த இடத்தை மூடிக்கொண்டன. அங்கே அப்படி ஒரு வரி இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே பச்சை விளக்கு விழுந்து சனமெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அன்ரன் பாதித் தெரு தாண்டி, தங்கை பக்கத்தில் வருகிறாள் என்ற நினைப்பில் இன்னும் கதைத்துக்கொண்டே போனான். ஷிரோமி இந்தக் கரையிலேயே நின்றாள், இரண்டு கையாலும் கோட்டைப் பிடித்தபடி.