கறுத்துப்போன சிலுவை

அந்தச் சபையில் பாவிகளுக்கென்று ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் எல்லாம் பாவிகள் இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள். ஆரணிப் பட்டுத்தறிக்காரர்கள் கட்டிய அந்தச் சின்ன ஆலயத்தில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாசலை ஒட்டி, செருப்பு கழற்றும் படிக்கு உட்புறமாக, பாய் விரிக்காத வெறுந்தரை. சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர் மனந்திரும்பி வந்தால் அங்கேதான் நிற்க வேண்டும். எல்லாரும் கேட்கும்படி குற்றத்தை அறிக்கையிட வேண்டும். பிறகு மூத்த மூப்பர் பீடத்தண்டையிலிருந்து நடந்து போய், கையைப் பிடித்து, நடுப்பாதை வழியே கூட்டி வந்து முழங்காலிட வைப்பார். அதற்கப்புறம்தான் அவருக்குத் திருவிருந்தின் அப்பம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றவள் வனிதா. கையைப் பிடிக்க வேண்டிய மூப்பர் கிருபாகரன். அவள் செய்யாத குற்றத்துக்காக நிற்கிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் இருவருக்குத்தான் தெரியும். ஒன்று, அவளுக்கு. இன்னொன்று, அதைச் செய்த கிருபாகரனுக்கு.

விஷயம் பீடத்துணி. போன வருஷம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, வெண்பட்டில் சரிகைச் சிலுவை வைத்து ஒரு துணி நெய்து பீடத்தில் விரிப்பதென்று சபை முடிவெடுத்தது. எல்லாரும் சேர்ந்து அசல் சரிகை வாங்கினார்கள். நம்பிக்கையான ஆள் என்று கிருபாகரன் வீட்டுப் பீரோவில் வைத்தார்கள். நெய்வது வனிதா. புருஷனை இழந்து, மகள் ஜாக்குலினோடு ஒற்றைத் தறியை ஓட்டிப் பிழைக்கிறவள். அவள் கைக்கு அப்படி ஒரு சுத்தம்.

அந்த வாரம் பார்த்துக் கிருபாகரன் தறியில் ஒரு கல்யாணப் புடவை. முந்தானை முடியும் தறுவாயில் சரிகை தீர்ந்துபோனது. பெண் வீட்டார் போன் மேல் போன் போட்டார்கள். தறிக்காரர்களுக்குள் இதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்து வீட்டில் ரெண்டு கண்டு சரிகை வாங்கி நெய்துவிட்டு, நம் சரக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிருபாகரன் பீரோவைத் திறந்தார். கடவுளும் பக்கத்து வீட்டுக்காரர்தானே என்கிற தைரியம்.

சரக்கு வருவதற்குள் வனிதா வந்து நின்றாள். ‘நாலு நாள் கழிச்சு வாம்மா’ என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால், மூப்பரே சபைச் சரிகையில் கை வைத்தார் என்று அவள் நினைத்துவிட்டால்? மேல்தட்டில் கிடந்த மட்டச் சரிகையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இன்னாங்கண்ணே, மின்னறதே வேற மாரி கீது?” என்றாள் வனிதா.

“புது சரக்கும்மா. அப்படித்தான் இருக்கும்.”

அண்ணன் சொன்னால் சரி என்று போய்விட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பீடத்துச் சிலுவை கறுத்துவிட்டது. வேறு ஊராயிருந்தால் தூசி என்று துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே சரிகையிலேயே பிறந்து வளர்ந்த ஜனம். ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினார்கள். வெள்ளிக்குப் பதில் செம்பு பல்லிளித்தது. கமிட்டி கூடியது. “கிருபா அண்ணன் குடுத்ததத்தாங்க நெஞ்சேன்” என்றாள் வனிதா. எல்லாரும் கிருபாகரனைப் பார்த்தார்கள்.

“நான் அசல்தான் குடுத்தேன்” என்றார் அவர்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவரே ஆடிப்போனார். ஆனால் வாயை விட்டு வந்தாயிற்று. மூப்பர் பேச்சு எடுபடுமா, தறிக்காரி பேச்சு எடுபடுமா? அசலை அவள்தான் மாற்றிவிட்டாள் என்று வனிதாவைப் புறம்பாக்கினார்கள். தண்ணீர்க் குழாயடியில்கூட அவளோடு யாரும் பேசுவதில்லை.

இதற்கிடையில் ஜாக்குலினுக்குச் சேத்துப்பட்டில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை டேனி, தங்கமான பையன். கல்யாணத்துக்கு முன்னால் ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையறியப் படிப்பதுதான் ஓலை. புறம்பாக்கப்பட்டவள் வீட்டு ஓலையை எப்படிப் படிப்பது என்று கமிட்டி கையை விரித்தது. அப்போது, “மனந்திரும்பி அறிக்கை பண்ணட்டும், அன்னைக்கே ஓலையும் படிச்சிடலாம்” என்று வழி சொன்னவர் கிருபாகரன்தான். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சுவிசேஷம் வாசிக்கும் முறையும் அவருடையது. பக்கத்தைத் திறந்த பிறகுதான் எந்தப் பகுதி என்று பார்த்தார். பீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், உன்மேல் ஒருவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிற இடம். வழியில் இருக்கும்போதே சீக்கிரம் சமாதானமாகிவிடு, இல்லாவிட்டால் அவன் உன்னை நியாயாதிபதியிடம் ஒப்படைப்பான், அங்கிருந்து சிறைச்சாலைதான் என்று அது முடிகிறது. எத்தனையோ முறை படித்த பகுதி. இன்றைக்கு ஒரே வரியை இரண்டு முறை படித்துவிட்டார்.

முதுகுக்குப் பின்னால் பீடம், அதில் அந்தக் கறுத்த சிலுவை. முன்னால் மனைவி, சொந்தபந்தம், சேத்துப்பட்டுச் சம்பந்திகள். ஆலயத்தை விட்டுப் போகிற ஒரே வாசலில் வனிதா. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, நெய்த துணி சுற்றிய மரம் வயிற்றை அழுத்திக்கொண்டிருக்கும்போது சட்டென்று எழுந்துவிட முடியாது. அப்படித்தான் அவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

வனிதா அறிக்கையிட்டாள். “பீடத்துணி சரிகைய நான் மாத்திட்டேன். கர்த்தரும் சபையும் மன்னிக்கணும்.” ரேஷன் கடையில் பேர் சொல்கிற குரலில் சொன்னாள். சபை பாட்டை எடுத்தது. கிருபாகரன் நடுப்பாதையில் இறங்கி நடந்தார்.

தறியில் நாடாவை எறிந்து எறிந்து காய்ப்பு ஏறிய அவள் கை. அதைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பீடத்தை நோக்கித் திரும்பினார்கள். சற்றுமுன் படித்த அந்த வழி இதுதான், இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது என்று நினைத்தார். பாட்டுச் சத்தத்துக்குள் குனிந்து சொன்னார்.

“வனிதா, நான் சொல்லிட்றேன். இப்பவே சொல்லிட்றேன்.”

“வாயத் தொறக்காத.”

இத்தனை காலம் ‘அண்ணே’ என்றும் ‘ங்க’ என்றும் பேசியவள். கிருபாகரன் விடவில்லை.

“இல்லம்மா, என்னால முடியல.”

“இத்தினி நாளு முடிஞ்சிச்சி இல்ல? இப்ப நீ ஒளறினா மறுபடியும் கமிட்டி கூடுவாங்க, பேசிகினே கெடப்பாங்க. சம்பந்திங்க குந்திகினு கீறாங்க. மொதல்ல ஓலை படிக்கட்டும்.”

“அப்புறம்?”

“அப்புறம் நீயாச்சு, கர்த்தராச்சு.”

அந்த நிமிஷம் கிருபாகரனுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதற்காகவே அவரை நரகத்துக்கு அனுப்பலாம். அவளே வேண்டாம் என்றுவிட்டாள். இனி பேசாமல் இருப்பது அவளுக்குச் செய்கிற உதவி என்று மனம் கணக்குப் போட்டது. அவளை முழங்காலிட வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சபையின் ஆயர் அவள் தலையில் கை வைத்துப் பாவமன்னிப்பு கூறினார். பிறகு ஓலையை எடுத்தார். ஜாக்குலின் தலை குனிந்தாள். ஆயர் பேர்களைப் படித்துவிட்டு, “தடை தெரிந்தவர்கள் தெரியப்படுத்தலாம்” என்று நிறுத்தினார். ஆயர் காகிதத்தை மடித்து வைத்தார்.

வனிதா திரும்பிக் கிருபாகரனைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஓலை படித்தாயிற்று, அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடமும் போய்விட்டது என்று அவருக்கு விளங்கியது.

சபை திருவிருந்துப் பாட்டைத் தொடங்கியது. அப்பம் வாங்க முதலில் போக வேண்டியவர் மூத்த மூப்பர். அவர் எழும்பாமல் வரிசை நகராது. ஆயர் அப்பத்தோடு அவரைப் பார்த்து நின்றார். மனைவி முழங்கையால் இடித்து, “ஜல்தி எழுந்திருங்க” என்றாள்.

எழுந்தார். பீடத்துக்குப் போகாமல் மறுபக்கம் திரும்பினார். தனியாக நடந்தார். ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் திரும்பின. செருப்பு வாசலை ஒட்டிய வெறுந்தரையில் போய், பீடத்தைப் பார்த்து நின்றார். அங்கே நின்றால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பாட்டு அரைகுறையில் அறுந்தது.

“என்ன மூப்பரே, உடம்பு சரியில்லையா?” என்றார் ஆயர்.

“சரிகைய மாத்தினது நான்தான் ஐயா. வனிதா இல்ல. கமிட்டியில பொய் சொன்னேன்.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இனி மூத்த மூப்பர் நடந்து வந்து கையைப் பிடிக்க வேண்டும். மூத்த மூப்பர்தான் அங்கே நிற்கிறாரே. வேறு யார் போவது என்று எவருக்கும் தெரியவில்லை. யாரும் எழவில்லை.

ஆயர் அப்பத் தட்டைக் கீழே வைக்கப் போனார். முழங்காலில் இருந்த வனிதா திரும்பிப் பார்க்காமல், வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினாள்.

“எனக்குக் குடுங்க ஐயா,” என்றாள். “அவரு நிக்கட்டும்.”

ஆயர் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஜாக்குலின் வந்தாள், அப்புறம் ஒவ்வொருவராக மற்றவர்கள் வந்தார்கள். கிருபாகரன் நின்றார்.