கடைசிப் பத்து நிமிஷம்

அமல்தாஸுக்குப் பேய்ப்படம் என்றால் குலை நடுங்கும். இதை அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கே தெரியாத பனியில் தேயிலைக் கொழுந்து லோரியை வளைவு வளைவாக இறக்கிக்கொண்டு வருகிற மனிதர், டிவிக்குள் ஒரு கதவு தானாகத் திறந்தால் கண்ணை மூடிக்கொள்வார் என்று சொன்னால் எஸ்டேட்டில் யார் நம்பப் போகிறார்கள்? பார்பராவுக்கு மட்டும் தெரியும். பேய் வரும்போதெல்லாம் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இவர் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, "போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அந்தப் பார்பரா இறந்து இரண்டு வருஷமாகிறது.

மகன் ராய்ஸ்டன் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறான். ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவான். அம்மா இருந்தவரை அவளும் அவனும் படத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், அதுவும் அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும். அதில் அமல்தாஸின் பங்கு ஒரே வரி. "இந்தா, அம்மாகிட்ட பேசு." அப்பன்மார்களுக்கு இதைவிட வசதியான வரி உலகத்தில் கிடையாது. அவள் போன பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கொடுப்பதற்கு ஆள் இல்லை.

முதலில் கொஞ்ச நாள் பேச்சு நொண்டியடித்தது. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, அங்கே மழையா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஓடாது. "சரிப்பா" என்பான் அவன். "சரிய்யா" என்பார் இவர். அவ்வளவுதான். அதற்கப்புறம் அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் தமிழே கேட்காது. எஸ்டேட் லைன் வரிசையில் முக்கால்வாசி வீடுகளில் இப்போது பங்களாதேஷ் பையன்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவர்களோடு உடைந்த மலாயில் எவ்வளவு நேரம் பேச முடியும்?

ஒரு ஞாயிறு ராய்ஸ்டன் பேச்சுவாக்கில் ஒரு சூப்பர்ஹீரோ படத்தைச் சொல்லி, "பாத்தீங்களாப்பா?" என்றான். அமல்தாஸ் வாய் தவறி, "பாத்தேன்" என்றுவிட்டார். முந்தின நாள் சாயங்காலம்தான் பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அதே படத்தைப் பற்றி மகேன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். மகேன் அங்கே சோளம் அவித்து விற்கிறவன். வருகிற படம் ஒன்றையும் விட மாட்டான்.

"சண்ட நல்லாருக்குய்யா. கததான் இல்ல," என்று மகேன் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டார் அமல்தாஸ்.

மறுமுனையில் ராய்ஸ்டன் அசந்துபோனான். "நானும் அதத்தான்பா நெனச்சேன்." அன்றைக்குப் பேச்சு நீண்டது. போனை வைத்தபோது அமல்தாஸின் காது சுட்டது.

அதிலிருந்து பிழைப்பு இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் மகேன் கடைக்குப் போவார், ஒரு சோளம் வாங்குவார், கூடவே ஒரு படத்துக்கான கருத்தையும் வாங்கிக்கொண்டு வருவார். பேய்ப்படமா? "முதல் பாதி பயமா இருந்துச்சு, பேய் மூஞ்சியக் காட்டுனதுக்கப்புறம் பயம் போச்சு." சூப்பர்ஹீரோ படமா? "வில்லன்தான் நல்லா நடிச்சிருக்கான்." இப்படி நாலைந்தை மாற்றி மாற்றிப் போட்டால் எந்தப் படத்துக்கும் பொருந்தும். ராய்ஸ்டனுக்கு ஒரே பெருமை. "அப்பா, நீங்க அம்மா மாதிரியே பேசுறீங்க," என்று ஒரு தடவை சொன்னான். அன்று முழுக்க அமல்தாஸுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. மலையில் தியேட்டர் கிடையாது. புதுப்படம் பார்க்க ஈப்போவுக்குத்தான் இறங்க வேண்டும். மகேன் போவது மாடசாமியின் வேனில். இருட்டுக்கும் பனிக்கும் முன்னால் மேலே ஏறிவிட வேண்டும் என்று மாடசாமி சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கிளப்பிவிடுவார். மாதாவே கை காட்டினாலும் நிற்க மாட்டார். அதனால் மலைக்காரர்கள் படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, இருட்டில் அடுத்தவன் காலை மிதித்துக்கொண்டு ஓடிவருவார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்காததை ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

போன மாதம் ஒரு படம் வந்தது. இடிந்து விழுகிற பாலத்தைத் தோளில் தாங்கிப் பிடிக்கிற ஒரு பையனின் கதை. "கடைசில செத்துட்டான் அங்கிள்," என்றான் மகேன், சோளத்தில் உப்பைத் தடவிக்கொண்டே. "எல்லாத்தையும் கரையேத்திட்டு அவன் தண்ணிக்குள்ள போயிட்டான் லா. முடிஞ்சது கத."

ஞாயிற்றுக்கிழமை அமல்தாஸ் அதை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார். "அந்தப் பையன் செத்ததுக்கு எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சுய்யா."

ராய்ஸ்டன் குறுக்கிட்டான். "அப்பா, அவன் சாகல."

"தண்ணிக்குள்ள போயிட்டானே."

"பேரெல்லாம் ஓடி முடிஞ்சதுக்கப்புறம் கண்ணத் தொறப்பான். அதுதான் படமே. நீங்க பாக்கலயா?"

அமல்தாஸ் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். "மகேன் சொன்னான்," என்றார் கடைசியில்.

"அதுக்கு முந்தி பாத்ததா சொன்னீங்களே, அந்தப் பேய்ப்படம்?"

"அதுவும் மகேன்தான்."

"எல்லாமே மகேனா?"

"ஒன்னு ரெண்டு பஸ்ல கேட்டது."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. "அப்ப இவ்ளோ நாளா நான் மகேன்கிட்டதான் பேசிட்டிருந்தேனா?" என்றான். அப்புறம் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் மத்தியானம் வரை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். போன் செத்துவிட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். தானே கூப்பிட்டிருக்கலாம், ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? மாத்திரை போட்டேன் என்றா?

திங்கள், செவ்வாய் என்று லோரி ஓட்டும்போதெல்லாம் அதே நினைப்பு. முன்பு ஒருமுறை ராய்ஸ்டன் ஒரு பேய்ப்படத்தைச் சொல்லியிருந்தான். "டிவிலயே வருதுப்பா. நான் ரெண்டு வாட்டி பாத்துட்டேன். கடைசி சீன்ல என்னால தாங்க முடியல." மகேன் அதைப் பார்க்கவில்லை. ஆகையால் அதைப் பற்றி இதுவரை பேச்சே எழவில்லை. பார்த்தே தீர்வது என்று அமல்தாஸ் முடிவு செய்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளலாமா என்று வாசல் வரை போனார். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? பயமாக இருக்கிறது என்றா? திரும்பி வந்து, எல்லா லைட்டையும் போட்டு, ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு படத்தைப் போட்டார்.

ஒரு கிழவன், தனி வீடு. செத்துப்போன பெண்டாட்டி ராத்திரியானால் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிறாள். முதல் தடவை கதவு கிறீச்சிட்டதும் அமல்தாஸ் கண்ணை மூடிக்கொண்டார். "போயிருச்சா?" என்றார்.

பதில் இல்லை. வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பார்பரா உட்காருகிற பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல், வேறு வழியில்லாமல் தானே கண்ணைத் திறந்துகொண்டார். அப்படித் திறந்தவர் மூடவே இல்லை. போகப் போகப் பயம் போய்க் கோபம் வந்தது. பேர் ஓடி, திரை கறுத்து, அடுத்த படத்தைப் போடட்டுமா என்று டிவி தானாகக் கேட்கிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பூசை முடிந்ததும் அவரே கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை.

"என்னப்பா, ஒடம்புக்கு என்ன?" ராய்ஸ்டன் பதறினான்.

"ஒன்னுமில்ல. டிவில வருதுன்னு சொன்னியே, அந்தப் பேய்ப்படத்தப் பாத்தேன்."

"மகேன் பாத்தானா?"

"நான் பாத்தேன் லா. அந்தக் கிழவன் ஒரு கூறு கெட்டவன்யா. எனக்குப் படம் புடிக்கல."

"ஏன்பா?"

"வந்திருக்கறது யாரு? அவன் பொண்டாட்டி. அதுக்குப் போய் ஃபாதர கூட்டிட்டு வந்து தீர்த்தம் தெளிக்கிறான். அவ என்ன பண்ணிட்டா, பாத்திரத்த உருட்டுனா. பசியா இருக்கும். இல்ல, இவனுக்கு ஆக்கிப் போட வந்திருப்பா. சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டானா?" மூச்சு வாங்கியது அவருக்கு. "நம்ம வீட்டு அடுப்படில அப்படி ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு வையி, நான் லைட்டக்கூட போட மாட்டேன். போயிருவாளோன்னு."

பேச்சைக் கெடுத்துவிட்டோம், போன தடவை மாதிரி இவன் வைத்துவிடுவான் என்று நினைத்தார் அமல்தாஸ்.

"கடைசில என்னப்பா ஆச்சு?" என்றான் ராய்ஸ்டன்.

"வீட்டப் பூட்டிட்டுக் கெரேத்தாவுல ஏறி ஓட்டிட்டுப் போயிர்றான். அவ ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருக்கா. பாவம்யா, அம்மாம்பெரிய வீட்டுல ஒத்தையா நிக்கிறா."

படம் அங்கேதான் முடிகிறது. அமல்தாஸுக்கு அது தெரியும், பேர் முழுக்க ஓடுகிற வரை உட்கார்ந்து பார்த்தவர். ஆனால் முடிந்தது என்று சொன்னால் அடுத்த பேச்சு "சரிப்பா"தான். அதனால் அவர் நிறுத்தவில்லை.

"ஆனா கெரேத்தா மொத வளைவுக்குக்கூடப் போகல. பனி எறங்கிருச்சு. ரோடே தெரியல. நிறுத்திட்டான். யோசிச்சுப் பாத்தான், கீழ போயி மட்டும் யாரு இருக்கான்னு. வண்டியத் திருப்பிட்டான். வந்து கதவத் தொறந்தான்."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று உறைத்தது. ராய்ஸ்டன் இந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவன். வண்டியும் திரும்பவில்லை, கதவும் திறக்கவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். மறுபடியும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அப்புறம்பா?" என்றான் ராய்ஸ்டன்.

அமல்தாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்புறம், உள்ள அடுப்பு எரிஞ்சிட்டிருந்துச்சுய்யா," என்றார்.