கை எட்டிய உயரம்

அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தது அக்காவின் கணவர்தான். சோலார் தகடு மாட்டும் வேலையில் அவள் சேர்ந்த புதிது. ஒரு பெரிய கட்டடத்தின் சுவரோரம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கியவளைத் தற்செயலாகக் கீழே நின்று பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "உன் தங்கச்சி செவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறா. வாலை மட்டும் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் பல்லி.

அவர்கள் மூன்று பேரும் அனல்மின் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தகர வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். வீடுகளுக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே சாம்பல் மேடு. எரிந்து தீர்ந்த நிலக்கரியின் சாம்பலை அங்கேதான் கொட்டிக் கொட்டிக் குன்றாக்கி வைத்திருந்தார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் உலர்த்திய துணி நரைத்துவிடும், மூடாத தண்ணீரில் சாம்பல் ஏடாகப் படியும். அக்கா வீட்டிலேயே தையல் தைப்பவள். வெள்ளைத் துணி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டுதான் வெட்டுவாள்.

அத்தான் வாலிபம் முழுக்க அந்த மின்நிலையத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டில் வேலை பார்த்தவர். பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியைக் குனிந்து குனிந்து அள்ளிப் போட வேண்டும். முகத்துக்கு ஒரு துண்டுதான் பாதுகாப்பு. கடைசியில் நெஞ்சு முழுக்கத் தூசி அடைந்துபோய், கட்டிலிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அரசு ஆஸ்பத்திரியில் ஓர் ஆக்சிஜன் மெஷினை இரவலாகக் கொடுத்து அனுப்பினார்கள். காற்றை உறிஞ்சிச் சுத்தப்படுத்தி மூக்குக் குழாய் வழியே கொடுக்கும் மெஷின். அதற்கு எந்நேரமும் கரண்ட் வேண்டும்.

கரண்ட்தான் இல்லை. கோடை வந்தால் நடுப்பகலில் அந்தத் தெருவில் மட்டும் நிறுத்திவிடுவார்கள். நகரத்தில் எல்லோரும் ஏசி போடும் நேரம் அது. அங்கே குறையக் கூடாது என்று இங்கே குறைப்பார்கள். புகைபோக்கி மட்டும் வழக்கம்போலப் புகைந்துகொண்டிருக்கும்.

"கரண்ட் பொறக்குற எடத்துக்குப் பக்கத்துலயே இருக்கோம், நமக்குத்தான் இல்ல" என்று அக்கா ஒருநாள் அலுத்துக்கொண்டபோது அவர் சொன்னார்: "பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல குடியிருந்தா நமக்குப் புள்ள பொறந்துடுமா?" அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கரண்ட் போனால் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அது அவசரத்துக்கு மட்டுமே. தீர்ந்தால் பஸ் ஏறிப் போய் நிரப்பி வர வேண்டும்.

இடையில் ஒரு தொண்டு அமைப்பு வந்தது. ஏழைகள் வீட்டுக் கூரைகளில் இலவசமாகச் சோலார் போடுகிறோம் என்றார்கள். தெருவே குதித்தது. எஞ்சினியர் ஒருவர் ஏணி போட்டு ஏறி, தகரத்தைத் தட்டிப் பார்த்தார். துருவேறிய தகரம் அவர் விரலுக்கே குழிந்தது. "இது தாங்காதும்மா. காத்தடிச்சா வீட்டோட பேத்துக்கிட்டுப் போயிடும்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்பது பல்லிக்குத் தெரியும். தன் கூரையைப் பற்றி அவளே என்றோ அப்படித்தான் நினைத்திருந்தாள். தகடுகள் கான்கிரீட் வீடுகள் இருந்த வேறொரு பகுதிக்குப் போய்விட்டன.

அன்று சாயங்காலம் அக்கா கோபமாகக் கேட்டாள். "ஊர்ல இருக்கிறவன் மாடிக்கெல்லாம் மாட்டுற. உங்க அத்தானுக்கு ஒரு வழி பண்ண முடியாதா?"

மறுநாள் பல்லி வேலையிடத்தில் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். லாரியில் வரும்போது கண்ணாடி விரிசல் விட்ட தகடுகளை எங்கும் மாட்ட மாட்டார்கள், ஓரமாக அடுக்கிவிடுவார்கள். "அதுல ரெண்டு தர்றீங்களா, சார்?" என்று கேட்டாள். அவர் எதற்கு என்று கேட்டார். சொன்னாள். "எடுத்துக்கோ. என்கிட்ட கேட்டுட்டு எடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத" என்றார் அவர்.

விரிசலில் தண்ணீர் இறங்காமல் பசை பூசினாள். தெருமுனை மெக்கானிக் ஒரு பழைய லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொடுத்தார். கூரை தாங்காது என்றால் தரை தாங்கட்டும் என்று வாசலுக்குப் பக்கத்தில் குழி தோண்டி தகடுகளை மாட்ட இரும்புக் குழாய் நட்டார்கள். அக்காதான் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் மூக்குக் குழாயோடு வாசற்படி வரைக்கும் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மூக்குக் குழாய் அதற்கு மேல் நீளாது.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கணுமோ?" என்று அக்கா கேட்டாள்.

"வேண்டாம்க்கா. சாம்பல் படிஞ்சா கரண்ட் குறைஞ்சிடும். தெனமும் தொடைக்கணும். உன் கை எட்டுற உயரத்துல இருக்கட்டும்."

"என் கையும் எட்டும்" என்றார் அத்தான்.

"நீங்க படியத் தாண்டிப் பாருங்க, காலை ஒடிக்கிறேன்" என்றாள் அக்கா.

முதல் நாள் நடுப்பகலில் தெருவில் கரண்ட் போனது. மெஷின் நிற்கவில்லை. மூன்று பேரும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்டரி பழசு, வெயில் குறைந்தால் வெகுநேரம் தாங்காது. ஆனாலும் அந்தக் கோடையில் அவர் மூச்சுக்குத் தவிக்காமல் பகலைக் கழித்தார். காலையில் ஜன்னல் வழியே பார்த்து, "சூரியன் இன்னிக்கு டூட்டிக்கு லேட்டு. சம்பளத்துல பிடிங்க" என்பார். அக்கா தினமும் ஈரத் துணியால் தகடுகளைத் துடைத்துவிட்டுத்தான் தையலில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வீசிங் வரும் தன் சின்ன மகளை மத்தியானங்களில் தூக்கிவந்து அவர்கள் வீட்டு மின்விசிறியின் கீழ் படுக்க வைப்பாள்.

அந்த நாள் காலையில் வானம் தெளிவாக இருந்தது. பல்லி வேலைக்குப் போய்விட்டாள். காலியான சிலிண்டரை நிரப்பி வர அக்கா பஸ் ஏறினாள். "ரெண்டு பஸ் மாறணும். நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நடுப்பகலில் கரண்ட் போனது. அதன் பிறகுதான் காற்று கிளம்பியது. சாம்பல் மேட்டின் உச்சியிலிருந்து சுருண்டு எழுந்து தெருவின் மேல் அப்படியே கவிழ்ந்தது. எதிர் வீடு தெரியவில்லை. எல்லோரும் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். காற்று ஓய்ந்தபோது தகடுகள் இரண்டும் சாம்பல் பூசி மூடியிருந்தன. பேட்டரி சீக்கிரமே இறங்கிவிட்டது. மெஷின் கீச்சென்று கத்தி எச்சரித்துவிட்டு நின்றது.

அவர் யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தாரா என்பது தெரியாது. கூப்பிட்டிருந்தாலும் அந்தக் குரல் கட்டிலைத் தாண்டியிருக்காது. மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவின் துடைப்புத் துணியைக் குடத்தில் நனைத்துக்கொண்டு, அவராகவே வெளியே வந்திருக்கிறார்.

கதவைத் திறந்த பக்கத்து வீட்டுக்காரிதான் பார்த்தாள். அவர் இரும்புக் குழாயைக் கட்டிப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்திருந்தார். கையில் துணி இருந்தது. ஒரு தகடு முழுக்கத் துடைத்து முடிந்திருந்தது. மற்றதில் பாதி. அவள் அவரை உள்ளே இழுத்துவந்து தரையில் கிடத்தியபோது மெஷின் சத்தம் கேட்டது. துடைத்த தகட்டில் வெயில் பட்டு மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. காலிக் கட்டிலின் மேல் கிடந்த குழாய் புஸ் புஸ் என்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை அவசரமாக எடுத்து அவர் மூக்கில் வைத்துப் பிடித்தாள். அவர் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. பின்னாலேயே வந்திருந்த அவள் மகள் அழத் தொடங்கிய பிறகுதான் கையை எடுத்தாள்.

அக்கா நிரப்பிய சிலிண்டரை இடுப்பில் தாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. அவள் சிலிண்டரைக் கீழே போடவில்லை. மெதுவாக, எப்போதும் வைக்கும் மூலையில் கொண்டுபோய் வைத்தாள். அதன் பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பின் அக்கா பல நாள் வாசலுக்கே வரவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "கொஞ்சம் மேல வெச்சிருக்கலாம்ல, பல்லி?"

"வெச்சிருக்கலாம்க்கா."

அந்தக் கேள்வியைப் பல்லி தன்னையே எத்தனையோ முறை கேட்டிருந்தாள். இன்னொரு முழம் உயரத்தில் இருந்திருந்தால் அவர் கை எட்டியிருக்காது, கட்டிலிலேயே காத்திருந்திருப்பார், அக்கா வந்திருப்பாள். சில சமயம், அக்கா வருவதற்குள்ளேயே போயிருப்பார் என்றும் தோன்றும். தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "மேல வெச்சிருந்தா நான் எப்படித் தொடைச்சிருப்பேன். சாப்பிடு."

ஆஸ்பத்திரியிலிருந்து மெஷினை எடுத்துப்போக ஆள் வந்தார். அதற்காக வேறொருவர் காத்திருக்கிறார் என்றார். அக்கா அதைத் துடைத்து, குழாயைச் சுருட்டிக் கட்டி, "இந்தப் பக்கத்துப் பொத்தான் கொஞ்சம் இறுகும். அழுத்திப் பிடிக்கணும்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று கொடுத்தனுப்பினாள்.

தெருக்காரர்கள் சேர்ந்து மின்நிலைய வாசலுக்குப் போனார்கள். அதிகாரி ஒருவர் வெளியே வந்து மரியாதையாகவே பேசினார். சாம்பல் பறக்காமல் இருக்க இனி தண்ணீர் தெளிப்போம் என்றார். கொஞ்ச நாள் லாரி வந்து தெளித்தது. கோடை முற்றியதும் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று லாரி நின்றுவிட்டது. மறுபடி போய்க் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார்கள். பதில் இல்லை. பல்லி சூப்பர்வைசரிடம் கேட்டு இன்னும் இரண்டு விரிசல் தகடுகள் வாங்கி, வீசிங் குழந்தையின் வீட்டு வாசலில் நட்டாள். பிறகு வேறு சில வீடுகளிலும் கேட்டார்கள். விரிசல் விட்ட தகடு எல்லோருக்கும் போதுமான அளவு கிடைக்கவில்லை.

ஒருநாள் அக்கா, "நீ வேலை பாக்குற எடத்துக்கு என்னை ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள். பல்லி சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவர், "ஓரமா உக்காந்துக்கட்டும்" என்று தலையாட்டினார்.

நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய வீடு அது. மொட்டை மாடி முழுக்கத் தகடுகள். அங்கிருந்து பார்த்தால் புகைபோக்கி ஒரு பென்சில் அளவில் தெரிந்தது. புகை மெலிதாக, அவர்கள் தெரு இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வானம் நீலமாக இருந்தது.

"இங்க கரண்ட் போகுமா?" என்று அக்கா கேட்டாள்.

"போகாதுக்கா."

"அப்புறம் இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு?"

"தோட்டத்துக்கு வெளக்கு. நீச்சல் குளத்துத் தண்ணிய சூடாக்கவும்."

அக்கா பக்கத்திலிருந்த தகட்டின் மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அப்படியும் பழக்கத்தில் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நீ வேலையைப் பாரு. நான் உக்காந்திருக்கேன்" என்று நிழலில் போய் உட்கார்ந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பல்லி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல வேறு பக்கம் போனார்.