நோவாக்குவில் வளர்ந்த கல்

தியோனிலாவுக்கு முப்பத்தொரு வயது முடிந்தபோது அவளுடைய கடைவாய்ப் பால்பல் ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் ஆடத் தொடங்கிய பல் அது. உயரம், குரல், முழங்காலில் இருந்த பொருக்கு எல்லாமே சண்டை ஓய்ந்து சமாதானம் நடந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. மலைப்பக்கத்து நோவாக்கு ஊரில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவளோடு படித்தவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் அவளோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து, அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாத்தியார் மாறும்போது பழையவர் புதியவரிடம் பள்ளிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சுப் பெண் அங்கேயேதான் இருப்பாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அவள் நட்ட சர்க்கரைவள்ளி மட்டும் எல்லோருடையதையும் போல நான்கு மாதத்தில் விளைந்தது.

போகன்வில் தீவில் சண்டை நடந்த வருஷங்களில் கப்பல் வரவில்லை, உப்பும் மருந்தும் வரவில்லை. எட்டாம் வருஷம் மேல்மலைப் படை தோட்டா சுமக்க வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டது. கிலியன் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று அவருடைய மகன், பதினான்கு வயது. இன்னொன்று செத்துப்போன தங்கையின் மகள் தியோனிலா, பத்து வயது. எங்கள் பக்கம் நிலம் பெண்வழியில்தான் இறங்கும். தங்கை மகள்தான் குலத்தின் வாரிசு, தாய்மாமன் அவளுக்குக் காவல். அந்தக் காவல்காரர் மகனைப் பரணில் பதுக்கிவிட்டு, மருமகளுக்கு இரண்டு அவித்த கிழங்கை வாழையிலையில் கட்டிக் கொடுத்து மேல்மலைக்கு அனுப்பி வைத்தார். இரண்டு வருஷம் அவள் சுமந்தாள். அங்கே என்ன நடந்தது என்பது அவள் சொல்ல வேண்டியது. நானாக எழுதினால் அது இன்னொரு திருட்டு.

பிறகு சமாதானம் வந்தது. எங்கள் முறைப்படி வில்லை ஒடித்தார்கள், இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கொட்டைப்பாக்கைக் கடித்துப் பங்கு போட்டு மென்றார்கள். தியோனிலாவைக் கொண்டுபோனதற்கு ஈடாக மேல்மலைக்காரர்கள் மூன்று பன்றியும் சிப்பிமாலையும் கொண்டுவந்து வைத்தார்கள். பாதிக்கப்பட்ட குலத்தின் சார்பில் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவர் கிலியன். கண்ணில்கூட நீர் கோத்திருந்தது என்கிறார்கள். வெட்கம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வைக்கப்படுவதில்லை. தியோனிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து வாயைத் திறந்தாள். அவர் அவள் தோளை அழுத்தி, "பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல, போய் தண்ணி கொண்டா" என்றார்.

கடைசியில் கல் புதைக்க வேண்டும். புதைத்த விஷயத்தை அதன்பின் யாரும் தோண்டக் கூடாது, மீறினால் குலத்துக்கே ஆகாது. ஆற்றிலிருந்து உருண்டைக் கல் எடுத்து வருவதுதான் வழக்கம். கிலியன் இருந்த அவசரத்தில் ஆறுவரை நடக்காமல், செத்த தங்கையின் தோட்டத்து எல்லைக்கல்லைப் பிடுங்கி வந்தார். "இந்தக் கல்லு வளர்ற வரைக்கும் இந்தப் பேச்சு எழக்கூடாது" என்று சொல்லிக் குழியில் இறக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். தியோனிலா தண்ணீரோடு திரும்பி வந்தபோது மண் மூடியாகிவிட்டது. அவள் வளர்ச்சி நின்றது அந்தச் சாயங்காலத்தில்தான்.

மறு வருஷம் கல் மண்ணுக்கு மேலே தலை காட்டியது. மூன்றாம் வருஷம் முழங்கால் உயரம் இருந்தது, ஆட்கள் அதில் பன்றி கட்டினார்கள். ஏழாம் வருஷம் ஒரு பெண்ணின் உயரத்துக்கு வந்து, இடுப்பு ஒடுங்கி, தோள் விரிந்து நின்றது. அதற்குமேல் உயரவில்லை. கீழ்ப்பக்கம் கொஞ்சம் பருத்தது, அவ்வளவுதான். தியோனிலாவின் அம்மா இதே சாயலில்தான் நிற்பாள் என்று ஆற்றில் துணி அலசும்போது பெண்கள் பேசிக்கொண்டார்கள். பஞ்சாயத்து கூடிய ஒரு நாள் தியோனிலா போய் நின்றாள்.

"மாமா, கல்லு வளந்துடுச்சு. என்னை மலைக்கு அனுப்புனது யாருன்னு இப்பவாச்சும் எல்லார் முன்னாடியும் கேளுங்க."

கிலியன் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். "கல்லு எங்கயாவது வளருமா? மழைக்கு மண்ணு கரைஞ்சிருக்கு."

"மண்ணு கரைஞ்சா கல்லுக்கு இடுப்பு எப்படி மாமா வரும்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் கல்லைச் சுற்றி வந்து பார்த்தார்கள். மண் கரைந்துதான் இருக்கிறது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

பிள்ளைகளைக் காக்கப் புதிதாக ஒரு சட்டம் வந்து, அது எங்கள் மலைக்கு ஏறி வந்தபோது சமாதானமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. டவுனிலிருந்து இமெல்டா என்ற அதிகாரி வந்தாள், இருபத்தாறு வயது, சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு. பலாமரத்தடியில் நின்று சட்டத்தைப் படித்தாள். பிள்ளையைப் பற்றிய எந்த விஷயத்திலும் பிள்ளையின் வாயிலிருந்து கேட்க வேண்டும், எந்த ஊர்முறையும் அதைத் தடுக்க முடியாது என்று இருந்தது. படித்து முடிப்பதற்குள் தியோனிலா மேஜைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"பயப்படாம சொல்லு பாப்பா" என்றாள் இமெல்டா.

தியோனிலா சொன்னாள். பரணிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடவில்லை. இமெல்டா நான்கு பக்கம் எழுதினாள். எழுதும்போதே அழுதாள், மை கலைந்த இடத்தில் திரும்ப எழுதினாள். அத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணை யாராவது உட்காரவைத்துக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு வயதுக்குச் சான்று வேண்டும் என்று கோயிலிலிருந்து ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். தேதியை ஒருமுறை பார்த்தாள், எதிரே நின்ற பிள்ளையைப் பார்த்தாள், மறுபடியும் தேதியைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றாள். "இந்தச் சட்டம் பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு."

"நான் பதினெட்டுக்குக் கீழ இருந்தப்ப எங்க போயிருக்கணும்?"

"அப்ப இந்தச் சட்டமே இல்லக்கா."

நான்கு பக்கத்தையும் மடித்து அவளிடமே கொடுத்தாள் இமெல்டா. கெட்டவள் இல்லை. புத்தகத்தில் இருந்ததைப் படித்தாள், அவ்வளவுதான். போவதற்குமுன் தலைமைக் காரியாலயம் கேட்டிருந்த இரண்டு வேலைகளை முடித்தாள். ஒன்று, ஊருக்கு ஒரு குழந்தைப் பாதுகாப்புக் குழு அமைப்பது. விதிப்படி தலைவர் குலப் பெரியவராக இருக்க வேண்டும், அதனால் கிலியன் பெயரை எழுதிக்கொண்டாள். இன்னொன்று, சுவரொட்டிக்கு ஒரு பிள்ளையின் படம். வெளிச்சம் கல்லருகே நன்றாக இருந்தது, தியோனிலாவும் அங்கேதான் நின்றிருந்தாள்.

ஆறு வாரத்தில் சுவரொட்டி வந்தது. 'உங்கள் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்' என்ற எழுத்துக்குக் கீழே தியோனிலா, பின்னால் தோள் விரித்து நிற்கும் கல். கிலியன் அதைப் பள்ளிச் சுவரில் அறைந்தார். ஆணியை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

"நேரா இருக்கா பாரு."

"கொஞ்சம் சாஞ்சிருக்கு மாமா."

இப்போது கல்லுக்கு முதுகு லேசாக வளைந்து, உச்சியில் வெள்ளைப் பாசி படர ஆரம்பித்திருக்கிறது. மழையில் சுவரொட்டி கிழிந்துபோவதால் வருஷா வருஷம் புதிதாக அச்சடித்து அனுப்புகிறார்கள். படத்தை மட்டும் மாற்ற வேண்டியிருப்பதில்லை.