குரங்கணி இறக்கம்

...இதில் ரசிக்க என்ன இருக்கிறது, முழங்கால் இரண்டும் தனித்தனியாகக் கழன்று விழுந்துவிடும்போல் இருக்கிறது, நேற்று ஏறும்போதாவது மூச்சுதான் வாங்கியது, இன்றைக்கு இறங்கும்போது ஒவ்வொரு அடியும் பல் வரைக்கும் வந்து இடிக்கிறது, முன்னால் போகிற பவதாரணி மட்டும் கையை விரித்துக்கொண்டு, "பாருடி முத்து, மேகம் நமக்குக் கீழ இருக்கு" என்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும், என் ஷூவுக்குள் ஏதோ நெளிகிறதே, அட்டையாகத்தான் இருக்கும், உப்பைத் தடவினால் வராது என்று சொன்னது யார்... போடியில் பிறந்து, போடியிலேயே வாழ்க்கைப்பட்டு, இங்கேயே ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், முப்பத்தாறு வயது வரை இந்த மலையை வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, அங்கிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது, அந்தத் தூரத்திலேயே வைத்திருக்கலாம். இதை நான் யாருக்குச் சொல்வது, பவதாரணிக்கா? சென்னையிலிருந்து மூன்று வகை முகப்பூச்சு கொண்டுவந்தவள் ஒரு தீப்பெட்டி கொண்டுவரவில்லை, அடுப்பு என் முதுகில், பாத்திரம் என் முதுகில், நல்லவேளை வழிகாட்ட வந்த பிச்சைமணி அண்ணன் மடியில் தீப்பெட்டி வைத்திருந்தார், இல்லாவிட்டால் நேற்று நூடுல்ஸைப் பச்சையாகக் கடித்திருப்போம், வெந்ததும் பாதிதான். கூடாரத்துக்குள் தண்ணீர் இறங்கியது, என் பக்கம் மட்டும், ஏன் எப்போதும் என் பக்கம் மட்டும்?

சரி, வந்தது சுஜிதாவுக்காக, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். போன மாதம்தான் அவளுக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்தது, தேனியில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள், மதுரைக் கல்லூரி விடுதியில் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறை, அந்த நாளில் எங்களையெல்லாம் சிரிக்க வைத்தவள் இப்போது கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பவதாரணி போனில் சொன்னாள், அவளுக்கு ஒரு மாற்றம் வேண்டும், ரெண்டு நாள் மலையில் இருந்தால் மனசு லேசாகும், நீயும் வராவிட்டால் அவள் வரமாட்டாள் என்று, நானும் என் வீட்டுக்காரர் திருப்பதியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன், அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "மோட்டாரு சுவிட்சு எது?" என்று கேட்டார், அவ்வளவுதான். நேற்றிலிருந்து நான் நாக்கைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன், கணவன் என்ற சொல் வந்துவிடக் கூடாது, கல்யாணம் வந்துவிடக் கூடாது, காபிச் செடியைக் காட்டி ஒரு பேச்சு, ஏலச் செடியைக் காட்டி ஒரு பேச்சு, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்த கதையை இரண்டு தடவை சொல்லிவிட்டேன், அவள் இரண்டு தடவையும் ஒரே மாதிரி உதட்டை இழுத்தாள், மனிதர்களைச் சிரிக்க வைப்பது மலை ஏறுவதைவிடப் பெரிய பாடாக அல்லவா இருக்கிறது...

இப்போது பார், உட்கார்ந்துவிட்டாள். ஏலத்தோட்டம் முடிகிற வளைவில், நனைந்த பாறை மேல், பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இனி நடக்க மாட்டாளாம். "ஆத்தா, வெரசா எந்திரிங்க, மழ இறங்கிருச்சுன்னா ஓடையத் தாண்ட முடியாது" என்கிறார் பிச்சைமணி அண்ணன், மேலே மரங்களெல்லாம் ஏற்கெனவே மேகத்துக்குள் போய்விட்டன. பவதாரணி அவள் முன்னால் குத்துக்காலிட்டு, மூச்சை இழுத்து விடு, உனக்குள் எவ்வளவு பலம் இருக்கு தெரியுமா என்று ஆரம்பிக்கிறாள், அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது, நானா கத்தினேன், நான்தான், எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்ததே, அது என் குரல்தான். "எந்திரிடி! எனக்குக் கால்ல உசுரு இல்ல, ராத்திரி பூராம் தண்ணியில கெடந்தேன், எல்லாம் யாருக்காக? ஒனக்காகத்தான வந்து சீரழியிறேன்!"

சுஜிதா நிமிர்ந்து பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை, புரியாமல் பார்த்தாள். "எனக்காகவா? ஒனக்காகத்தான புள்ள நான் வந்தேன். எனக்கு மழையும் பிடிக்காது, மலையும் பிடிக்காது. நீ உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருக்க, ஒன்னய ரெண்டு நாளு வெளிய கூட்டிட்டு வரணும்னு பவாதான சொன்னா." நான் பவதாரணியைப் பார்த்தேன், அவள் செருப்புக் கடையில் அளவு பார்ப்பவளைப்போல என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருகிட்டயும் உள்ளதச் சொன்னா ரெண்டு பேருமே வந்திருக்க மாட்டீங்கடி" என்றாள் மெதுவாக. அப்புறம், "நீ போன எடுத்ததும் நல்லாருக்கேன்னு சொல்லிட்டு, மூச்சு விடாம சுஜி எப்படி இருக்கான்னு கேக்குற. எட்டு மாசமா இதேதான். அடுத்த கேள்விய நான் கேக்கக் கூடாதுன்னுதான?"

எட்டு மாதமா, கணக்கு வைத்திருக்கிறாளா, எனக்கே தெரியாத கணக்கு... கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா, பையனுக்கு டியூஷன் எத்தனை மணிக்கு, மோட்டார் போடு, மோட்டார் நிறுத்து, இதைத் தவிர திருப்பதியும் நானும் பேசி எவ்வளவு நாளாகிறது, சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் தேதியாவது நினைவிருக்கும், எதுவுமே நடக்கவில்லையே, அடிக்கிறாரா, குடிக்கிறாரா, ஒன்றும் இல்லை, அப்புறம் என்ன இருக்கிறது சொல்வதற்கு? "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன், சொல்லிவிட்டு, இறுகிக் கிடந்த பை வாரையே மறுபடி இறுக்கினேன், சனியன், சுஜிதா எழுந்துவிட்டாள், என் முதுகிலிருந்த அடுப்புப் பையை இழுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள், நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்தவள்.

குரங்கணியில், நேற்று எங்களை இறக்கிவிட்ட டிரைவர் சுருளியின் ஜீப்பு நின்றது, ஏறி உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது, சாக்ஸைக் கழற்றினால் அட்டை கொழுத்துக் கிடந்தது, பவதாரணி முகத்தைச் சுளிக்காமல் பிய்த்து எறிந்தாள், இன்னமும் அவள் மேல் எரிச்சலாகத்தான் இருக்கிறது, யார் கேட்டார்கள் இவளை? போடி நெருங்க, முந்தல் ஊரைத் தாண்டியதும் சுருளி திரும்பி, "டீச்சர், வீட்டு வாசல்லயே நிப்பாட்டிரவா? அவுக ரெண்டு பேரயும் பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்" என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், குளிக்க வேண்டும், காலை நீட்ட வேண்டும், நேற்றிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்லண்ணே, பஸ் ஸ்டாண்டுக்கே போயிருங்க." சுஜிதா என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் தெரு வந்தது, கேட்டுக்குள் அவருடைய ஸ்கூட்டர் நின்றது, மாடிக் கொடியில் அவர் பனியன் மழையில் நனைந்துகொண்டிருந்தது, எடுக்காமல் விட்டிருக்கிறார், ஜீப்பு வேகம் குறையாமல் கடந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது, அடுத்த திருப்பத்திலும் இருந்தது, நான் சொல்லவில்லை... பஸ் ஸ்டாண்டில் எனக்கு என்ன சோலி?